அக்னி மூலையில் வை-ஃபை

வா மாப்ளே, இப்படித் திண்ணையில குந்து. மீட்டிங்குல உன் மூஞ்சி பாதியில உறைஞ்சு நின்னுடுச்சுன்னு உங்கம்மா வந்து சொல்லிட்டுப் போனா. வாயைத் தொறந்தபடியே நின்னியாமே? பெங்களூருல குந்தியிருக்கற உன் மேனேஜரு, நீ கொட்டாவி விடறன்னு நெனைச்சுக் கோவிச்சுக்கிட்டாராம். கவலைய வுடு. உன் கல்யாண போட்டோவுலயும் நீ அப்படித்தான் நிக்கற. பொண்ணு வூட்டுக்காரங்க ஒண்ணும் கோவிச்சுக்கலையே.

அந்தக் கோவத்துல என்னா பண்ண? 100 எம்பி பிளானை 300 எம்பிக்கு மாத்திட்ட. மாத்தின பிறகு எப்படி இருக்குதுன்னு கேட்டா, "அப்படியேதான் இருக்குது மாமா"ங்கற. இருக்காதா பின்ன? கெணத்துல தண்ணி தளும்புது, வாய்க்கால்ல மண்ணு மேவிக் கெடக்குது. நீ வாய்க்காலைப் பாக்காம கெணத்தை இன்னும் தோண்டச் சொல்லிக் காசு குடுத்துட்டு வந்திருக்கற. கேபிள்காரரு சந்தோசமா வாங்கிக்கிட்டாரு. அவரு மேல தப்பில்ல. காசு குடுக்க வந்தவனை வேணாம்னு திருப்பி அனுப்பறவன் நம்ம செவ்வாக்கெழம சந்தையிலயே கிடையாது.

மொதல்ல ஒண்ணு பண்ணு. உன் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போய், அந்த ரூட்டரு பெட்டியில லேன் வயரை நேரா சொருகி வேகத்தை அளந்து பாரு. அப்புறம் வயரைப் புடுங்கிட்டு, உன் ரூமுல போய் வை-ஃபையில அளந்து பாரு. வயருல 300 வந்து ரூமுல எட்டு வந்தா, குத்தம் கேபிள்காரரு மேல இல்ல, உன் வூட்டு மேல. வயருலயே எட்டுதான் வருதுன்னா அவரு சட்டையைப் புடி. நான் புடிச்சுக் குடுக்கறன். இந்த ரெண்டு நிமிச வேலைய பண்ணாம மூணு தடவை போன் போட்டுச் சண்டை கட்டினியாமே. உங்கப்பன் பழக்கம் அப்படியே வந்திருக்குது.

கொஞ்சம் யோசிச்சுப் பாரு. சிங்கப்பூருலேர்ந்து சென்னைக்குக் கடலடியில 3,200 கிலோமீட்டருக்கு ஒரு கண்ணாடி இழைக் கேபிளு 2002லேர்ந்து கெடக்குது. கப்பல் நங்கூரத்துக்கும் மீன் வலைக்கும் தப்பிச்சு அதுல வெளிச்சம் ஓடுது. சென்னையிலேர்ந்து நம்ம தர்மபுரிக்கு இன்னொரு 300 கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போவும். கணக்குப் போட்டா, இத்தனை தூரமும் ஒரு நொடியில அம்பதுல ஒரு பங்குக்குள்ள முடிஞ்சு போவுது. ஊராட்சிக்கு ஊராட்சி இழை இழுக்கணும்னு டில்லியில 2011ல திட்டம் போட்டு, 2015ல பாரத்நெட்டுன்னு பேரை மாத்தினாங்க. நம்ம மாநிலத்துல 12,525 ஊராட்சிக்கும் கொண்டாந்து சேக்கணும்னு டான்ஃபிநெட்டுன்னு தனியா அரசு கம்பெனியே வைச்சிருக்காங்க. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷினைக் கழுதை முதுகுல ஏத்தி அனுப்பின மாவட்டம் நம்மது. அந்த மாவட்டத்துல, தெருக் கம்பத்துலேர்ந்து தலைமுடி கனத்துல ஒரு கண்ணாடி நூலு உன் வூட்டு செவுத்தைத் தொளைச்சு உள்ளார வந்துடுச்சு.

வந்து என்னா ஆச்சு? கடைசி பதினைஞ்சு அடியில இரும்பு பீரோவுல முட்டிக்கிட்டு நிக்குது. அது உங்கம்மாவுக்கு நான் குடுத்த சீரு. கனமான தகடு பாத்து, தட்டிப் பாத்து வாங்கினது. கடல் தாண்டி வந்ததையே நிறுத்திடுச்சுன்னா என் சீரோட தரத்தை நீயே தெரிஞ்சுக்க.

இப்ப அந்தப் பெட்டிய எங்க வைச்சிருக்கறன்னு பாப்பம். வூடு கட்டறப்போ வாஸ்துகாரரு என்னா சொன்னாரு? நெருப்பு, கரண்டு எல்லாம் தென்கிழக்கு அக்னி மூலையிலன்னாரு. சரி, அடுப்பு அங்க இருக்குது, மீட்டர் பெட்டி அங்க இருக்குது, கேபிள்கார தம்பியும் வயரு மிச்சம்னு அங்கயே ஆணி அடிச்சுட்டுப் போயிட்டான். உன் ஆபீசு ரூமு எங்க? வடமேற்கு, வாயு மூலை. மாப்ளே, நீ இன்ஜினியரு. உன் மனை 30க்கு 40. மூலைக்கு மூலை எத்தனை அடின்னு எட்டாங்கிளாசு புள்ளையக் கேட்டாலும் சொல்லும், சரியா 50 அடி. அந்த வூட்டுக்குள்ள ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவுல இதுக்கு மேல தூரம் வைக்கவே முடியாது. தேடிப் புடிச்சு அந்த ரெண்டு எடத்துலயும் ஒண்ணொண்ணை வைச்சிருக்கற. நடுவுல சமையக்கட்டு செவுரு ஒண்ணு, கூடத்துச் செவுரு ஒண்ணு, உன் ரூம் செவுரு ஒண்ணு. எல்லாத்தையும் குறுக்கால, சாய்வாட்டம் தாண்டணும். நேரா தாண்டினா ஒம்பது அங்குலம். சாய்ஞ்சு தாண்டினா அதே செவுரு இன்னும் கனமாயிடுது.

அதே பெட்டிய நடு வூட்டுல வைச்சுப் பாரு. எந்த மூலைக்கும் 25 அடிதான். தூரம் பாதியானா வலு நாலு மடங்கு ஆவும். இது வெட்டவெளிக் கணக்கு. செவுரு ரெண்டு கொறையறது தனி லாபம். ஒத்தை ரூவா செலவில்ல. கேபிள்காரரைக் கூப்பிட்டு அந்தக் கண்ணாடி நூலை இன்னும் இருபத்தஞ்சு அடி நீட்டச் சொன்னா முடிஞ்சுது. நீயே இழுத்து முட்டி மடக்கிற மாதிரி மடக்கிப்புடாத. கண்ணாடி மடங்கினா வெளிச்சம் வெளிய கசிஞ்சுடும், அப்புறம் பெட்டியில செவப்பு லைட்டு எரியும்.

வாஸ்துப்படி நடு வூடு பிரம்ம ஸ்தானம், அதைக் காலியா வைக்கணுமேன்னு உங்கம்மா சொல்வா. பெட்டி ஒரு சாண் அகலம். தலைக்கு மேல ஆறடி ஒசரத்துல செவுத்துல மாட்டினா தரை காலியாத்தான் இருக்கப் போவுது. பிரம்மா நாலு மூஞ்சிக்காரரு. நாலு பக்கமும் பாக்கறவருக்குத்தான் நாலு பக்கமும் சிக்னல் போறதோட அருமை தெரியும். அப்புறம் இன்னொண்ணு, நடுன்னா கயிறு புடிச்சு அளந்து நடுவுல வைக்கணும்னு இல்ல. கொஞ்சம் மேற்கால தள்ளி, அந்தக் கூடத்து ஜன்னலோரமா வைச்சாலும் பாதகமில்ல. உன் ரூமும் மேற்காலதான் இருக்குது. காத்தோட்டமாவும் இருக்கும்.

பெட்டி சூடாவறது ஒரு பக்கம் இருக்கட்டும், அதுக்கு எவ்வளவு தெம்புன்னு உனக்குத் தெரியுமா? உங்க கூடத்துல எரியற எல்இடி பல்பு ஒம்பது வாட்டு. அந்த வெளிச்சத்தை வைச்சுப் பக்கத்து ரூமுல பேப்பரு படிக்க முடியல. ரூட்டரு காத்துல விடறது சுமாரா ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்கு. அந்தத் துளியூண்டை வைச்சுக்கிட்டு அது பாவம், செவுத்தைத் தாண்டி, கதவைத் தாண்டி, உங்கம்மா பீரோவையும் தாண்டணும்னு எதிர்பாக்கற.

செவுருக்குச் செவுரு தீனி வேற. டெசிபெல்னு ஒரு கணக்கு வைச்சிருக்காங்க. 3 கொறைஞ்சா வலு பாதி, 10 கொறைஞ்சா பத்துல ஒண்ணு, 20 கொறைஞ்சா நூத்துல ஒண்ணு. மரக்கதவு மூணு போலத் திங்கும். செங்கல் செவுரு அதைவிட நெறைய. கம்பி கட்டின காங்கிரீட்டு பத்து, பதினைஞ்சுன்னு முழுங்கும். இரும்புத் தகடு வந்த வழியே திருப்பி அனுப்பிடும். ஆளுசரக் கண்ணாடியும் அப்படித்தான், அதுக்குப் பின்னால பூசியிருக்கறது உலோகம். தண்ணி உறிஞ்சிக்கும். கூடத்துல கலரு மீனு தொட்டி வைச்சு அதுக்குப் பின்னால ரூட்டரை மறைச்சு வைக்கறது அழகா இருக்கும், மீனுங்க வேணும்னா வீடியோ பாக்கும்.

உன் போன்ல வை-ஃபை அளக்கற ஆப்பு ஒண்ணைப் போட்டுக்க, காசில்லாமலே கிடைக்குது. வூட்டுக்குள்ள மெதுவா நடந்து பாரு. மைனஸ் 50ன்னு காட்டினா பெட்டி பக்கத்துலயே நிக்கறன்னு அர்த்தம். மைனஸ் 67 வரைக்கும் மீட்டிங் தாங்கும். மைனஸ் 80ஐத் தொட்டா கொட்டாவிதான். எந்த எடத்துல திடுக்குனு விழுதோ, அந்த எடத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல என்னா நிக்குதுன்னு பாரு. மொத ஆளு என் பீரோவாத்தான் இருக்கும்.

மனுசன் உடம்பும் பெரும்பங்கு தண்ணிதான், அதனால அதுவும் கொஞ்சம் திங்கும். காதுகுத்துக்கு ஒறம்பறை வந்து கூடம் நெறைய குந்தியிருந்தப்போ சிக்னலு மந்தமாச்சுன்னு சொன்னியே, பாதிக் காரணம் அது. மீதிக் காரணம் அத்தனை பேரும் பாஸ்வேர்டு கேட்டு வாங்கினது. அதுக்காக உடம்பைத் தாண்டவே தாண்டாதுன்னு நெனைச்சுக்காத. 1895ல கல்கத்தா டவுன் ஹாலுல ஜகதீச சந்திர போஸு வங்காளத்து லெப்டினன்ட் கவர்னரையே குறுக்கால வைச்சுக்கிட்டு, அவரு உடம்பையும் செவுத்தையும் தாண்டி அலைய அனுப்பி, அந்தப் பக்கம் மணியடிக்க வைச்சாரு, வெடிமருந்தை வெடிக்க வைச்சாரு. கவர்னரு கோவிச்சுக்கல. உனக்கு செவுத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மின்னஞ்சல் போவல. நூத்து முப்பது வருசத்துல நாம எவ்வளவு முன்னேறியிருக்கோம் பாத்தியா.

ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டி மேல நீங்க பண்ண அலங்காரத்தைப் பாத்தன். விபூதி பட்டை, நடுவுல சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. காத்துப் போற ஓட்டையெல்லாம் விபூதியில அடைஞ்சு கெடக்குது. சூடு உள்ளாரயே தங்கினா அது மெதுவாவும், நடுநடுவுல நின்னும் போவும். தொடைச்சு வுடு. சாமி குத்தம் ஆவாது. அதுக்கு மேல எம்பிராய்டரி துணி வேற போட்டு மூடியிருக்கு உன் பொண்டாட்டி. தூசி படக்கூடாதாம். நல்ல புள்ளைதான், சொன்னாக் கேட்டுக்கும். நீ சொல்லாத, நான் சொல்றன்.

ஆன்டெனா சங்கதிய பாத்து எனக்குச் சிரிப்பு தாங்கல. நாலு கொம்பு இருக்குது, நாலையும் உன் ரூமைப் பாத்துத் துப்பாக்கி புடிக்கற மாதிரி நீட்டி வைச்சிருக்கற. கொம்போட நுனியிலேர்ந்து எதுவும் பாய்ஞ்சு வர்றதில்ல மாப்ளே. நுனிப் பக்கம்தான் எல்லாத்தையும்விடக் கம்மி. அலை கொம்போட வயித்துப் பக்கத்துலேர்ந்து சுத்திப் பரவும். அதனால கொம்பு நட்டமா நின்னா, அதே மாடியில நாலு பக்கமும் போவும். நேரா தலைக்கு மேல போவறது கொறைச்சல். மாடி ரூமுக்கும் வேணும்னா ரெண்டை நட்டமா வைச்சு, ரெண்டைப் படுக்கப் போடு. நீ உன் ரூமுக்குன்னு குறி பாத்ததுல, இருக்கற நாலு கொம்பும் சேந்து உனக்கு மட்டும் கம்மியா குடுத்துக்கிட்டிருக்குது. வூட்டுல மீதிப் பேருக்கெல்லாம் நல்லா வருதுன்னு பொறாமைப்பட்டியே, அது நீயே பண்ண தருமம்.

பெட்டியில ரெண்டு பேரு காட்டுது இல்ல, ஒண்ணு 2.4, இன்னொண்ணு 5 ஜிகாஹெர்ட்ஸ். நீ பெருசு நல்லதுன்னு 5ல புடிச்சுக்கிட்டுக் கோடி ரூமுல குந்தியிருக்கற. 5 வேகமா ஓடும், ஆனா செவுத்துக்குப் பயப்படும். 2.4 மெதுவா போவும், எட்டிப் போவும். தர்மபுரி வானொலியோட எஃப்எம் அலை ஒண்ணு ஏறக்குறைய 3 மீட்டரு நீளம். அதான் கொல்லையில, கொட்டாயில, எங்க போனாலும் கேக்குது. 2.4 அலை பன்னெண்டரை சென்டிமீட்டரு. 5 அதுல பாதிகூட வராது. நீளம் கொறைஞ்சா மறைப்பைச் சுத்தி வளைஞ்சு போற தெம்பும் கொறையும். அதனால பெட்டி இருக்கற கூடத்துல 5, தள்ளிப் போனா 2.4ன்னு வைச்சுக்க. ரெண்டுக்கும் தனித்தனி பேரு வைச்சுட்டா, எதுல இருக்கறன்னு உனக்கே தெரியும். இந்த ரெண்டு அலைவரிசைக்கும் லைசென்ஸ் கிடையாது. 2.4ஐ 2005ல அரசாங்கம் தொறந்து விட்டுது, 5 பக்கம் 2018ல இன்னும் அகலமா தொறந்து, வெளியில வைச்சுக்கவும் விட்டாங்க. ரேடியோ கேக்கறதுக்கே தபாலாபீசுல காசு கட்டி லைசென்ஸ் புஸ்தகம் வாங்கின ஆளு நான். உனக்கு ஓசியில கிடைச்சதுனால அருமை தெரியல.

ஓசின்னா எல்லாரும் வருவாங்க. அது வேற தொல்லை. 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஓடற தடம் மூணுதான், 1, 6, 11. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தெருவுல பத்து வூடு, பத்துப் பெட்டி. கேபிள்காரரு எப்படிக் குடுத்தாரோ அப்படியே எல்லாம் ஒரே தடத்துல கத்திக்கிட்டிருந்தா யாரு பேசறது யாருக்குக் கேக்கும்? ஆப்புல பாத்து எந்தத் தடத்துல கூட்டம் கொறைச்சலோ அதுக்கு மாத்து. 3, 4ன்னு நடுவால பூந்து வைக்காத, ரெண்டு பக்கத்துக்காரனையும் கெடுத்து நீயும் கெடுவ. ப்ளூடூத்து அதே 2.4ல, மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான் வேலை செய்யுது. உன் பொண்டாட்டி பாலு சுட வைக்கற நேரமா மீட்டிங் வைக்காத. ராவு பத்து மணிக்கு மேல தெரு அடங்கினப்புறம் உன் வூட்டு லைனு நல்லாவே ஓடுது, கூத்து வீடியோ ஒரு தடவைகூட நடுவுல நின்னதில்ல. அதாவது, நிக்காதுன்னு கேபிள்கார தம்பி சொன்னான்.

வேல்ஸ் நாட்டுல அபெர்ஹோசன்னு ஒரு சின்ன ஊரு. தெனமும் காலையில ஏழு மணிக்கு ஊரு முழுக்க இன்டர்நெட் செத்துப் போவுமாம். ஒண்ணரை வருசம். கம்பிய மாத்தினாங்க, ஆளை மாத்தினாங்க, ஒண்ணும் ஆவல. 2020ல இன்ஜினியருங்க அளவு மிஷினைத் தூக்கிக்கிட்டு விடியக்காலையில கொட்டற மழையில தெருத் தெருவா நடந்து கண்டுபுடிச்சாங்க. ஒரு வூட்டுல பழைய டிவி ஒண்ணு. அதைக் காலையில ஏழு மணிக்குப் போடறப்போ அதுலேர்ந்து கெளம்பற மின்சாரக் கூச்சல் ஊரு கம்பிய எல்லாம் கெடுத்திருக்குது. அந்த வூட்டுக்காரரு அப்புறம் டிவியப் போடறதையே நிறுத்திட்டாராம். நம்ம தெருவா இருந்தா ஆறு மாசம் பஞ்சாயத்து நடந்திருக்கும்.

ரிப்பீட்டரு வாங்கியிருக்கறயே, அதைப் பத்திப் பேசியே ஆவணும். ஆன்லைன்ல வாங்கினது, 'மூலை முடுக்கெல்லாம் சிக்னல்'னு அட்டைப்பெட்டியில போட்டிருந்தது. நீ அதை எங்க சொருகின? சிக்னல் சுத்தமா இல்லாத உன் ரூமுல, உன் மேசைக்குக் கீழ. போன்ல அஞ்சு கோடு நெறைய காட்டுது, வீடியோ ஓடல. என்னா கோடு அது? ரிப்பீட்டருக்கும் உன் போனுக்கும் நடுவுல ஒறவு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. காதுல விழாததை அது எப்படி இன்னொருத்தருக்குத் திருப்பிச் சொல்லும்? அதுக்குச் சேதி கேக்கற எடத்துல வைக்கணும். ரூட்டருக்கும் உன் ரூமுக்கும் பாதி வழியில, மைனஸ் 60, 65 காட்டற எடமாப் பாத்துச் சொருகு. அப்பவும் ஒரு சங்கதி இருக்குது. மலிவான ரிப்பீட்டரு ஒரே அலைவரிசையில கேட்டு அதுலயே திருப்பிச் சொல்லும். கேக்கறப்போ பேச முடியாது, பேசறப்போ கேக்க முடியாது. அதனால வேகம் பாதியா போயிடும். 300 கட்டி, செவுத்துல பாதி தின்னு, ரிப்பீட்டருல மீதிப் பாதி தின்னு, உனக்கு வர்றது பழைய 100 பிளான்லயே வந்திருக்கும்.

மெஷ்ஷுன்னு மூணு பெட்டி சேத்து விக்கறாங்க, விலை கூட. மாடி, கீழ, முன்கட்டு, பின்கட்டுன்னு பெரிய வூட்டுக்குச் சரி. 30க்கு 40ல அதை வைச்சா வந்தவங்களுக்குக் காட்டலாம். வாங்கறதா இருந்தா பெட்டிக்குப் பெட்டி பேசிக்கறதுக்குத் தனி அலைவரிசை இருக்கறதா பாத்து வாங்கு.

என்னைக் கேட்டா வயருதான். ஒத்தைக் கேபிளு, கேட்-6னு கேளு, கூடத்துலேர்ந்து உன் ரூம் வரைக்கும் செவுத்தோரமா இழு. நூறு மீட்டரு வரைக்கும் வேகம் கொறையாமப் போவும். உன் ரூமுக்கு அம்பது அடிதான். கோடியில உன் பழைய ரூட்டரை மாட்டு, பரண் மேல போட்டு வைச்சிருக்கறயே, அதேதான். அதுல ஐபி முகவரி குடுக்கற வேலைய மட்டும் அணைச்சுட்டா, அது பேசாம இன்னொரு வை-ஃபை பெட்டியா வேலை செய்யும். லேப்டாப்புக்கு நேராவே வயரைச் சொருகிட்டா இன்னும் உத்தமம். கம்பியில்லாம வேலை செய்யற காலத்துல கம்பி இழுக்கச் சொல்றாரே இந்தப் பெருசுன்னு உனக்குத் தோணும். பெரிய பெரிய ஆபீசுல, ஓசூரு கம்பெனிங்கள்ல போய்ப் பாரு, மேல சீலிங்குல ஒவ்வொரு வை-ஃபை பெட்டிக்கும் வயருதான் போவுது. வூடு கட்டறப்போ செவுத்துக்குள்ள ஒரு குழாய் போட்டு வைன்னு நான் சொன்னன். நீ அந்தக் காசுல முன்வாசல் படிக்குக் கருப்பு கிரானைட்டு போட்ட. வழுக்கி வுழுந்தது யாருன்னு ஊருக்கே தெரியும்.

கொல்லைக் கொட்டாயில மாட்டுக்குக் கேமரா வைக்கணும்னு சொன்னியே, அதுக்கு வூட்டு ரூட்டரை நம்பாத. வெளியில வைக்கற சின்ன டிஷ்ஷு ஜோடியா விக்குது. மாடியில ஒண்ணு, கொட்டாய் உச்சியில ஒண்ணு, ஒண்ணுக்கொண்ணு மூஞ்சிய பாத்துக்கிட்டு நிக்கணும். நேர்ப்பார்வை இருந்தா கிலோமீட்டரு கணக்குலகூடப் போவும். நடுவுல நம்ம புளியமரம் நிக்குது, பாத்துக்க. இலைக்குள்ள இருக்கறதும் தண்ணிதான், மழை பேஞ்சு நனைஞ்சா இன்னும் மோசம். மரத்தை வெட்டறேன்னு கெளம்பிடாத, அது பொதுப் புளி, பங்காளி சண்டை வரும். டிஷ்ஷை ரெண்டடி நகத்து, போதும்.

கரண்டு போனா எல்லாம் போச்சுன்னு நீ உக்காந்துடற. கண்ணாடி இழைக்கு வழியில கரண்டு வேணாம். கேபிள்காரரு முனையில பேட்டரி இருந்து, உன் பெட்டிக்கும் 12 வோல்ட்டு மினி யுபிஎஸ் ஒண்ணு மாட்டினா, இருட்டுலயும் மீட்டிங் நடக்கும். மூஞ்சி தெரியாது, அது ஒரு நன்மை.

அலுமினியத் தாளு ஒட்டினா சிக்னல் ஏறும்னு வீடியோ பாத்து, சமையக்கட்டுத் தாளையெல்லாம் ரூட்டருக்குச் சுத்தினியாமே. அதுல பாதி நெசம் இருக்குது. அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரிக்காரங்க 2017ல கணக்குப் போட்டு வளைச்ச, உலோகம் போத்தின தகடு ஒண்ணைப் பின்னால நிறுத்தி, வேணுங்கற பக்கம் கூட்டியும் வேணாங்கற பக்கம் கொறைச்சும் காட்டினாங்க. பின்னால நிறுத்தணும் மாப்ளே. நீ சுத்தியே கட்டிட்ட. வூட்டுல அரைநாளு ஒருத்தருக்கும் ஒண்ணும் வரல.

உங்கம்மாவுக்கு வேற கவலை. கதிர்வீச்சு ஆவாதுன்னு யாரோ சொல்லி, போன் பின்னால ஒட்டற சிப்பு வாங்கியாரச் சொல்றா. 2020ல டில்லியில ராஷ்டிரிய காமதேனு ஆயோக்குன்னு ஒரு அரசு அமைப்பு, மாட்டுச் சாணியில பண்ண சிப்பு போன் கதிர்வீச்சைக் கொறைக்கும்னு மேடை போட்டுக் காட்டிச்சு. விஞ்ஞானிங்க ஆதாரம் எங்கன்னு கேட்டாங்க. நான் சாணியிலேயே பொறந்து சாணியிலேயே வளந்தவன், சாணிய மட்டமாப் பேச மாட்டன். ஆனா ரோசனை பண்ணு. போனுக்கு வர்றதும் போவறதும் அந்தக் கதிர்தான். சிப்பு நெசமா வேலை செஞ்சா போன் வேலை செய்யாது, போன் வேலை செஞ்சா சிப்பு வேலை செய்யல. ரெண்டும் வேலை செய்யுதுன்னு சொல்றவரு மட்டும் நல்லா வேலை செய்யறாரு.

புள்ளைங்க ராவெல்லாம் போன் பாக்குதுங்க, சிக்னலைக் கூட்டறதா கொறைக்கறதான்னு உன் பொண்டாட்டி கேக்குது. ஞாயமான கேள்வி. ஆனா பிரான்சுல மெசாஞ்சுன்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்து ஊருல ஒரு அப்பன், புள்ளைங்க ராவுல நெட்டு பாக்கக் கூடாதுன்னு ஜாமரு மிஷினு வாங்கி வைச்சாரு. நடுராத்திரிக்கு மேல அவரு வூட்டோட மெசாஞ்சு ஊருக்கும் சேத்து போனும் நெட்டும் செத்துப் போச்சு. அரசாங்க ஆளுங்க வந்து வாசல்ல நின்னுட்டாங்க. இங்கயும் ஜாமரு வைக்கறது சட்டப்படி குத்தம். ரூட்டருலயே ராவு பத்தரைக்குப் புள்ளைங்க போனுக்கு மட்டும் நிறுத்தற வசதி இருக்குது, அதைப் போடு. மொத்தமா நிறுத்திப்புடாத. புள்ளைங்களுக்கு மட்டும். மத்தவங்க யாராவது பத்தரைக்கு மேல பாக்கறவங்க இருப்பாங்க.

கடைசியா பாஸ்வேர்டு. உன் புள்ளை பேரும் பொறந்த வருசமும் சேத்து வைச்சிருக்கற. அதைக் கண்டுபுடிக்க ஒரு கடலைமிட்டாய் போதும், உன் புள்ளையே சொல்லிடுது. காதுகுத்துக்கு வந்தவங்க போன்லயெல்லாம் இன்னும் அதேதான் கெடக்குது, தெரு வழியா போறப்போ தானாவே ஒட்டிக்கும். பெட்டிக்குள்ள போற பாஸ்வேர்டு கேபிள்காரரு குடுத்த 'அட்மின்'னாவே இருக்குது, அதையும் மாத்து. டபிள்யூபிஏ2வோ 3யோ போட்டு, பன்னெண்டு எழுத்துக்குக் கொறையாம, யாரும் நெனைச்சே பாக்காததா வை. இன்னைக்கே பண்ணு. அடுத்தவன் வூட்டு நெட்டுல ஓசியில குந்திக்கிட்டு வீடியோ பாக்கற ஜென்மங்க இந்தத் தெருவுல இல்லாம இல்ல.

மாத்தினதும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி உங்கம்மாகிட்ட குடுத்து அனுப்பு. உனக்கு மறந்து போச்சுன்னா யாராவது ஒருத்தர் பத்திரமா வைச்சிருக்கணும் இல்ல.